கரடிக்கு ஒரு வேலை

“இதுக்கு இங்க என்ன வேலை?”

குன்னம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள். ஏழு வயது இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கரடியையே வெகுநேரம் பார்த்தவள், பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு நின்ற ஆரோக்கியசெல்வத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது.

அந்த விலங்குப் பூங்காவில் அவருக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். கடிக்குமா, ஆணா பெண்ணா, என்ன விலை இருக்கும், தேன் கொடுப்பீங்களா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். இதை யாரும் கேட்டதில்லை.

“சும்மா இருக்கும் கண்ணு. அதான் வேலை” என்றார்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “எங்க வூட்டுல மாடு வண்டி இழுக்கும். நாயி காவ காக்கும். கோழி முட்டை போடும். பூனைகூட எலி புடிக்கும். இது மட்டும் நாள் முச்சூடும் சும்மாவா இருக்கும்? பாவம்.”

டீச்சர் வந்து அவளை மயில் கூண்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கரடி தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்து இரும்புக் கதவு வரைக்கும் பதினோரு அடி. அங்கே தலையை ஒரு சிலுப்பு. திரும்பவும் பதினோரு அடி. ஆறு வருஷமாக அவர் பார்த்துவந்த நடைதான். அன்றைக்குத்தான் அது அவருக்கு வலித்தது.

அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பெரிய குழியில் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்திய பூங்கா அது. ஊர்க்காரர்களுக்கு அது ‘குழி ஜூ’. மேலிருந்து பார்த்தால் வெள்ளைக் கிண்ணத்துக்குள் யாரோ மிருகங்களைக் கொட்டிவைத்த மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் அந்த வெள்ளைப் பாறை கண்ணைக் குத்தும். சிமெண்ட் தொட்டியில் கிடக்கும் முதலையின் முதுகில் ஜனங்கள் சில்லறை எறிவார்கள், அசைகிறதா என்று பார்க்க. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று காலையிலேயே வருகிறவர்கள், அது பொந்துக்குள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தால் கல்லெடுத்து எழுப்புவார்கள். தோகை உதிர்ந்த மயிலைப் பார்த்து, “இது மயில் மாதிரியே இல்லையே” என்று குறைபட்டுக்கொண்டு போவார்கள். பார்க்க வருகிறவர்களில் கெட்டவர்கள் என்று யாருமில்லை. அந்த மிருகங்கள் அங்கே எப்படி இருக்கின்றன என்று நின்று யோசிக்க அவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கரடியின் பெயர் பவளம். குட்டியாக வந்தது. எதிரே வரும் ஆளின் வாசனையை மூக்கைத் தூக்கி இழுத்துப் பார்க்கும். ஆரோக்கியசெல்வத்தின் வாசனை வந்தால் மட்டும் நடையை நிறுத்தும்.

அந்த வருஷம் பூங்காவைச் சோதித்துத் தரம் போட வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாகக் கடிதம் வந்தது. மேனேஜர் திருமுருகன் ஓடியாடி வேலை பார்த்தார். பெரம்பலூரிலிருந்து பெயிண்டர் ஒருவரைக் கூட்டிவந்து கூண்டுச் சுவர்களில் காடு வரையச் சொன்னார். பெயிண்டர் கரடியின் சுவரில் பனிமலை வரைந்துவிட்டார்.

“என்னாய்யா இது?” என்றார் மேனேஜர்.

“கரடின்னா பனியிலதான் சார் இருக்கும். டிவியில பார்த்திருக்கேன்.”

“அது வேற கரடிய்யா.”

“முடி எல்லாத்துக்கும் ஒண்ணுதான சார்? பெயிண்டும் தீந்துபோச்சு. வேணும்னா ஓரத்துல ஒரு பனைமரம் போட்டுத் தரேன்.”

பனிமலைக்குப் பக்கத்தில் பனைமரம் நின்றது. குழு வந்தது. சுவரின் உயரத்தை அளந்தார்கள். தண்ணீர்த் தொட்டி, பெயர்ப் பலகை, பூட்டு எல்லாம் பார்த்தார்கள். படிவத்தில் ‘நடத்தை’ என்ற இடத்துக்கு வந்ததும், குழுவில் இளையவர் ஒருவர் பவளம் நடப்பதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ‘சுறுசுறுப்பாக உள்ளது’ என்று எழுதினார். பக்கத்தில் நின்ற ஆரோக்கியசெல்வம் அதை வாசித்தார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டார். வயது ஐம்பத்தேழு. அன்றாடம் விழுங்கி விழுங்கி அது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

பவளத்தின் அந்த நடையைப் பற்றி அவர் பேசிய ஒரே ஆள் இருசம்மாள். கூண்டுகளைக் கூட்டிக் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி. குன்னத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். லீவு நாளில் ஊரில் வெங்காயம் அறுக்கும் கூலி வேலைக்குப் போவாள்.

“சும்மா இருக்கறது எம்மாங் கஷ்டம்னு எங்க வூட்டுக்காரருக்குத்தாண்ணே தெரியாது” என்றாள் அவள். “இதுக்குத் தெரியுது. நம்ம ஒரு வேலை வச்சுக் குடுத்துட்டா என்ன?”

“கரடிக்கு என்னா வேலை குடுப்ப? வெங்காயம் அறுக்க விடுவியா?”

“அறுக்க வேணாம். திருடச் சொல்லுவோம்.”

மறுநாள் அவள் குன்னத்திலிருந்து ஒரு கட்டுக் குச்சியும் கயிறும் கொண்டுவந்தாள். அவர்கள் ஊரில் சின்ன வெங்காயத்தை அழுகாமல் வைக்கப் பட்டறை போடுவார்கள். கீழே கல் அடுக்கி, காற்றுப் போகிற மாதிரி இரண்டு பக்கமும் குச்சி நட்டு வரிந்து கட்டி, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி, மேலே கீற்று வேய்வது. அதே மாதிரி, முழங்கால் உயரத்தில் ஒன்றைப் பவளத்தின் கூண்டுக்குள் கட்டினாள். வெங்காயத்துக்குப் பதிலாக உள்ளே சருகு. சருகுக்குள் அங்கங்கே வேர்க்கடலை, ஒரு துண்டு வெல்லம், இரண்டு பேரீச்சம்பழம்.

பவளம் அன்றைக்கு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூக்கை விட்டு உறிஞ்சியது. நகத்தால் ஒவ்வொரு குச்சியாகப் பிடுங்கியது. மத்தியானம் வரைக்கும் சுவர்ப்பக்கம் போகவே இல்லை. மறுநாள் இருசம்மாள் திரும்பக் கட்டினாள், அது திரும்பப் பிரித்தது. இப்படியே மாதங்கள் போயின. ஒரு மழைக்குப் பிறகு, அந்தப் பதினோரு அடித் தடத்தில் நாலைந்து புல் முளைத்திருந்ததை ஆரோக்கியசெல்வம் பார்த்தார். ஏலாக்குறிச்சிக் கோவிலில் அடைக்கல மாதாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றினார்.

ஜனங்கள்தான் குறை சொன்னார்கள். “டிக்கெட் எடுத்து வந்தா கரடி முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.” மேனேஜரும் கூப்பிட்டுச் சொன்னார். “செல்வம், எல்லாம் பத்து மணிக்குள்ள முடிச்சுக்கங்க. அதுக்கப்புறம் அது ஜனங்களப் பாத்துக்கிட்டு நிக்கணும்.” மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரிடம் கேட்டது கூட்டம் எவ்வளவு என்ற ஒன்றைத்தான்.

பத்து மணிக்குள் முடிவதானால், அந்தக் கொஞ்ச நேரமாவது பவளம் சலிக்காமல் இருக்க வேலை புதிதாக இருக்க வேண்டும் என்று ஆரோக்கியசெல்வத்துக்குத் தோன்றியது. இருசம்மாளின் கொழுந்தன் அழகேசனுக்குக் குன்னத்தில் மக்காச்சோளக் கொல்லை இருந்தது. எப்போது வேண்டுமானாலும் வந்து பச்சைப் பயிர் வெட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தான். ஐப்பசியில் ஒரு விடுமுறை நாள் சாயங்காலம் அவர் போனார். அழகேசன் பெரம்பலூருக்குப் போயிருந்தான். இடுப்பு உயரம் வளர்ந்த பயிர். ஓரத்து வரிசையில் பத்துப் பன்னிரண்டை வேரோடு பிடுங்கிக் கட்டிக்கொண்டு, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டார்.

அவர் கொள்ளிடக்கரை ஆள். நெல்லைத் தெரியும், கரும்பைத் தெரியும். குன்னம் பக்கத்தில் மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவுக்குச் சில பேர் தவிட்டையும் வெல்லத்தையும் மருந்தோடு பிசைந்து, ஒவ்வொரு பயிரின் குருத்துக்குள்ளும் ஒரு கிள்ளு வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அன்று காலையில்தான் அந்த ஓரத்து வரிசைக்கு வைத்திருந்தார்கள்.

பவளத்துக்கு வெல்லத்தின் வாசனை எட்டுப் பர்லாங்குக்குத் தெரியும். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பயிரைப் போட்டார். குருத்தைத்தான் முதலில் பிரித்தது. ஏழரைக்கு வாயில் எச்சில் ஒழுகத் தொடங்கியது. எட்டு மணிக்குக் கால்கள் நடுங்கி, பனிமலைச் சுவரோரம் சாய்ந்துவிட்டது.

கால்நடை டாக்டர் சிவரஞ்சனி வந்து சேர்ந்தபோது எல்லோரும் கம்பிக்கு வெளியே நின்றார்கள். அவர் உள்ளே மண்டியிட்டு, கரடியின் கண்ணை விரித்துப் பார்த்தார்.

“என்ன சாப்டுச்சு?”

“எவனாவது வெளிய இருந்து எறிஞ்சிருப்பான் மேடம்” என்றார் மேனேஜர்.

“எறிஞ்சது என்னன்னு தெரியணும். பூச்சிமருந்து தின்ன மாதிரி இருக்கு, ஆனா எந்த மருந்துன்னு தெரியாம நான் ஊசி போட்டா அதுவே கொன்னுடும். யாருக்காவது தெரிஞ்சா இப்பவே சொல்லுங்க. பத்து நிமிஷம்தான் இருக்கு.”

ஆரோக்கியசெல்வத்துக்குத் தெரியும், தான் போட்டதைத் தவிர அது வேறொன்றும் தின்னவில்லை என்று. சொன்னால் இன்றைக்கே வெளியே போக வேண்டும். போலீஸ் வரலாம். தனக்குப் பிறகு இந்தக் கூண்டுக்கு யார் வருவார்கள், வருகிறவன் ஒரு நாளாவது இதற்கு வேலை வைப்பானா என்ற எண்ணமும் வந்தது. ஆனால் முதலில் வந்தது தன்னைப் பற்றிய பயம்தான். அதைப் பிற்பாடு அவர் தன்னிடமே மறைக்கவில்லை.

இருசம்மாள் விளக்குமாற்றால் கூட்டி ஒதுக்கிய மக்காச்சோளத் தட்டையிலிருந்து ஒரு குருத்தை எடுத்து, விரலால் பிரித்து மோந்தாள். பிறகு கம்பிக்கருகே வந்தாள்.

“படைப்புழுவுக்கு வைக்கிற மருந்துங்கம்மா. தவிடும் வெல்லமும் சேத்துக் குருத்துல வைப்பாங்க. இந்தா, ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. எங்க கொழுந்தன் கொல்லையில நான் புடுங்கிட்டு வந்து போட்டேன். மருந்து வச்சத மறந்துட்டேன்.”

“மருந்து டப்பா?”

“கொழுந்தனுக்குப் போன் பண்ணிப் பேரு கேட்டுச் சொல்றேன்.”

போன் போட்டுக் கேட்டாள். அழகேசன் பேரைச் சொன்னான். டாக்டர் அதற்கான முறிவு ஊசியை எடுத்தார். மேனேஜர் இருசம்மாளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட நிம்மதிதான் கூடுதலாக இருந்தது. குற்றம் ஒப்பந்த ஆளோடு நின்றுபோயிற்று. அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்.

கிளம்பும்போது அவள் பையை எடுக்க வந்த இடத்தில் ஆரோக்கியசெல்வம் நின்றிருந்தார்.

“ஏம்மா இப்படிப் பண்ணுன?”

“நீங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அது செத்துப்போயிருக்கும்ணே” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். “எனக்கு வெங்காயம் அறுக்கற வேலை எங்க போனாலும் கெடைக்கும். நீங்க போயிட்டா அத யாரு பாப்பாங்க? போயி தண்ணி வைங்க.”

பவளம் மூன்றாம் நாள் எழுந்து நின்றது. நாலாம் நாள் பழையபடி நடக்கத் தொடங்கியது. சுவரிலிருந்து கதவு வரைக்கும் பதினோரு அடி. கூண்டுக்குள் தீனித் தட்டைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்று உத்தரவாகியிருந்தது. முளைத்திருந்த புல் ஒரே வாரத்தில் மிதிபட்டுப் போயிற்று.

ஆரோக்கியசெல்வம் வேலைக்கு வந்தார், போனார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில், பங்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார். தன் முறை வருவதற்கு ஒரு ஆள் இருக்கும்போது விலகி வெளியே வந்துவிட்டார். சாமியார் மன்னிப்புக் கொடுப்பார். ஆனால் குன்னத்தில் ஒருத்தி அவருடைய பழியைச் சுமந்துகொண்டிருந்தாள். அதைச் சாமியார் இறக்கிவைக்க முடியாது.

அடுத்த வாரம் அவர் குன்னத்துக்கே போனார். ஒரு தகரக் கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணெல்லாம் எரிந்தது.

“ஏ இருசம்மா, ஒன்னயத் தேடி ஆளு வந்திருக்கு பாரு” என்றாள் வயதான ஒருத்தி, பெரியம்மாள் என்று பெயர். “கரடிக்கு விருந்து வச்சவளுக்குக் கரடி சீரு குடுத்து அனுப்பியிருக்கா?”

“கரடி சீரு குடுக்காட்டியும் போவுது. என் மருமவ இவளுக்குப் பக்கத்துல ஒக்காந்து சோறு திங்கவே பயப்படுறா” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குத்தான் சொன்னார்கள். இருசம்மாளும் சிரித்தாள். ஆனால் அவள் சாப்பாட்டுத் தூக்கு மற்றவர்களுடைய தூக்குகள் இருந்த இடத்தில் இல்லாமல், தள்ளி ஒரு கல்லின் மேல் தனியாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

“வாங்கண்ணே. பவளம் சாப்டுதா?”

“சாப்டுது.”

“நடக்குதா?”

அவர் தரையில் சிதறிக் கிடந்த வெங்காயத் தாளைக் காலால் ஒதுக்கினார். அவள் புரிந்துகொண்டாள். கையிலிருந்த வெங்காயத்தை அறுத்துக் கூடையில் போட்டாள்.

“மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இங்க வராதீங்கண்ணே” என்றாள் தாழ்ந்த குரலில். “இவளுவ வேற மாதிரி பேசுவாளுவ. பஸ்ஸு வந்துரும், போயிட்டு வாங்க.”

உண்மையை ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்ல வந்ததை இத்தனை பேர் நடுவில் சொல்ல முடியாமல் அவர் திரும்பினார். சொல்லியிருந்தாலும் அவள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள் என்பதும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது தெரிந்தது.

கார்த்திகை மாதம், முன்பு தரம் போட வந்த குழுவிடமிருந்து ஒரு படிவம் வந்தது. கரடிக்கு நேர்ந்த விபத்தைப் பற்றி விளக்கம் கேட்டிருந்தார்கள். நம்பர் போட்ட அச்சுத் தாள். பராமரிப்பாளரே தன் கையெழுத்தில் எழுத வேண்டும் என்று மேலே இருந்தது. மேனேஜர் அடியில் கையெழுத்துப் போட்டு அதை அவரிடம் நீட்டினார்.

“நான் பெரம்பலூர் வரைக்கும் போறேன். நீங்க எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, போஸ்ட் பண்ணிடுங்க. அந்த அம்மா பேரப் போட்டு, வேலைய விட்டு எடுத்தாச்சுன்னு ஒரு வரி. வேற ஒண்ணும் வளர்க்க வேணாம். சரியா?”

“சரி சார்.”

மத்தியான நேரம். டிக்கெட் கொடுக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தாள். ஆபீஸில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆரோக்கியசெல்வம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ‘விபத்துக்குக் காரணமானவர்’ என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்தார். சிலுவை போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்து, இதற்கெல்லாம் ஆண்டவரைத் துணைக்கு இழுக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்.

தன் பெயரை எழுதினார். பதவி, பணியாளர் எண். குன்னத்துக் கொல்லையில் யாரிடமும் கேட்காமல் பயிரைப் பிடுங்கி வந்தது, போட்டது, டாக்டர் கேட்டபோது தெரிந்தும் பேசாமல் நின்றது, எல்லாவற்றையும் எழுதினார். இருசம்மாள் என்பவர் மருந்தைக் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் கரடி பிழைத்தது என்றும், அவர் சொன்ன மீதி உண்மையல்ல என்றும் எழுதினார். படிவத்தில் ‘பிற குறிப்புகள்’ என்று நாலு வரிக்கு இடம் இருந்தது. அங்கே இன்னும் சின்ன எழுத்தில் எழுதினார்: ‘இந்தக் கரடி நடப்பது சுறுசுறுப்பால் அல்ல. அதற்குச் செய்ய ஒன்றும் இல்லாததால். இருசம்மாளுக்கு அதற்கு வேலை வைக்கத் தெரியும். என் இடத்தில் அவரை வைத்தால் கரடிக்கு நல்லது. தீனியை டாக்டரிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு போட்டால் போதும்.’

இடம் தீர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். கவரின் ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

அரியலூர் தபால் ஆபீஸ் வாசலில் அந்த வெயிலில் யாரும் இல்லை. பெட்டியின் வாய்க்குள் கவரை நுழைத்து, கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விட்டார். விழுந்த சத்தம் கேட்கவில்லை. அடியில் வேறு யாருடைய கடிதங்களோ கிடந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்குப் பவளத்தின் தொட்டியில் தண்ணீர் மாற்ற வேண்டும். அவர் பூங்காவைப் பார்த்து நடந்தார்.